போனே போதுமா, கம்ப்யூட்டர் வேண்டுமா? போட்டோ எடிட்டிங் பழகுகிறவர்களுக்கு

போட்டோ எடிட்டிங் பழக ஆசைப்படுகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது இதுதான்: “போனே போதுமா, இல்லை லேப்டாப் ஒன்று வாங்கணுமா?” பதில் சொல்வதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். படம் எதில் எடுத்தது? வேலை முடிந்ததும் எங்கே போகப் போகிறது? வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் போகிற படம் என்றால் போன் தாராளமாகப் போதும். அதற்காக யாரும் நாற்பதாயிரம் ஐம்பதாயிரம் செலவழிக்க வேண்டாம். அதே படம் கல்யாண ஆல்பத்தில் இரண்டு பக்கம் விரிந்து அச்சாகப் போகிறது என்றால் கதையே வேறு.

எந்த ஆப்பில் எத்தனை ஃபில்டர் இருக்கிறது என்பதெல்லாம் பிற்பாடு பார்க்கலாம். எடிட்டிங் என்றால், படத்துக்குள் பதிவாகியிருக்கும் வெளிச்சத்தையும் நிறத்தையும் அங்கே கொஞ்சம் கூட்டி, இங்கே கொஞ்சம் குறைத்து ஒழுங்குக்குக் கொண்டுவருவது. உள்ளே சரக்கு இருந்தால்தான் கூட்டிக் குறைக்க முடியும். அந்தச் சரக்கு எவ்வளவு என்பது, போனா கம்ப்யூட்டரா என்று யோசிப்பதற்கு முன்பே, படம் எடுத்த நொடியிலேயே முடிவாகிவிடுகிறது.

நீங்கள் தொடும் முன்பே போன் தொட்டுவிடுகிறது

போன் கேமராவில் பட்டனை அழுத்தினால் ஒரு படம் எடுக்கிறது என்றுதான் நினைக்கிறோம். இன்றைய போன்களில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் பல பிரேம்களை (தனித்தனிப் படங்களை) எடுத்து, ஒன்றோடு ஒன்றைப் பொருத்தி, வானம் வெளுத்துப் போகாமலும் முகம் இருட்டாகாமலும் ஒரே படமாகக் கலக்கிறது. இருட்டான இடங்களில் மணல் தூவியதுபோல் தெரியும் நாய்ஸை வழித்தெடுக்கிறது. விளிம்புகளைக் கூராக்குகிறது. இலையின் பச்சையையும் வானத்தின் நீலத்தையும் லேசாகத் தூக்கிவிடுகிறது. கடைசியில் ஜேபெக் ஃபைலாகச் சுருக்கிச் சேமிக்கிறது. (ஐபோன்களில் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஹெச்இஐசி என்ற வடிவம்.) இவ்வளவும் ஓரிரு நொடிக்குள் முடிந்துவிடும்.

இத்தனை கைவேலை போனுக்கு ஏன் தேவைப்படுகிறது? வெளிச்சத்தைப் பதிவு செய்யும் சில்லான சென்சார் சின்னது, அதனால்தான். ஃபுல் ஃப்ரேம் என்ற பெரிய சென்சார் கேமராவில் அது 36 மில்லிமீட்டருக்கு 24 மில்லிமீட்டர். நல்ல போனில்கூட அது சுண்டுவிரல் நகத்தளவுக்கு மேல் பெரிதாக இருக்காது. சின்ன சென்சாரில் வெளிச்சம் குறைவாகத்தான் விழும். அந்தக் குறையை மென்பொருள் வைத்து ஈடுகட்டுகிறார்கள். பாராட்ட வேண்டிய வேலைதான். இருட்டுத் தெருவில் கையில் பிடித்தபடியே பளிச்சென்று படம் எடுக்க முடிவது இதனால்தான்.

ஆனால் கேலரியைத் திறந்து ‘எடிட்’ என்று தொடும்போது நம் கைக்கு வருவது ஏற்கெனவே எடிட் ஆகி முடிந்த படம். தாளித்து இறக்கிய சாம்பார் மாதிரி. உப்பு கொஞ்சம் கூட்டலாம், மல்லித்தழை தூவலாம். வெந்த காயை வேறு மாதிரி நறுக்க முடியாது.

இதில் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. பல போன்களில் பியூட்டி மோட் முன்கூட்டியே ஆன் ஆகி வருகிறது. நம் ஊர் மாநிறத்தையும் கறுப்பையும் அது ஏதோ பழுதைச் சரிசெய்வதுபோல் வெளுக்க வைக்கிறது. தோலின் நயம் முழுக்க அழிந்து, முகம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். படம் எடுத்த பிறகு எந்த மென்பொருளாலும் இதைச் சரியாகத் திருப்ப முடியாது, ஏனென்றால் தோலின் விவரம் ஃபைலிலேயே இல்லை. கேமரா செட்டிங்கில் போய் இதை அணைத்து வைப்பது, எந்த எடிட்டிங் பாடத்தையும்விட முதலில் செய்ய வேண்டிய காரியம்.

256ம் 16,384ம்

மிரர்லெஸ், டிஎஸ்எல்ஆர் என்ற, லென்ஸ் மாற்றக்கூடிய கேமராக்களில் ‘ரா’ என்று ஒரு தேர்வு இருக்கும். சென்சாரில் விழுந்த வெளிச்சத்தை, கூராக்காமல், நிறம் ஏற்றாமல், ஏறக்குறைய அப்படியே ஃபைலில் போட்டு வைப்பது இது. திறந்து பார்த்தால் சோகையாக இருக்கும். “இதற்கா இவ்வளவு காசு கொடுத்து கேமரா வாங்கினோம்” என்று தோன்றும். அதன் பலம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் இருட்டிலிருந்து வெளிச்சம் வரை 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் சுமார் 1 கோடியே 67 லட்சம் நிறங்கள். கண்ணுக்கு அதுவே ஏகம். பார்ப்பதற்கு மட்டும் என்றால் அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ரா ஃபைலில் படிகளைப் ‘பிட்’ கணக்கில் சொல்வார்கள், ஒரு பிட் கூடினால் படிகள் இரட்டிப்பாகும். 12 பிட் ரா ஃபைலில் இந்தப் படிகள் 4,096. 14 பிட் என்றால் 16,384.

பார்க்கும்போது தெரியாத இந்த வித்தியாசம், இழுக்கும்போது தெரியும். சாயங்கால வானத்தை ஒரு ஜேபெக்கில் எடுத்திருக்கிறீர்கள், கொஞ்சம் இருட்டாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சத்தை நன்றாகக் கூட்டிப் பாருங்கள். ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கு வழுக்கிக்கொண்டு போக வேண்டிய வானம் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும். இருட்டுப் பகுதிக்கென்று இருந்த கொஞ்சப் படிகளை நீங்கள் அகலமாக விரித்துவிட்டீர்கள். இடையில் நிரப்ப எதுவும் இல்லை. ரா ஃபைலில் அதே அளவு இழுத்தாலும் வானம் உடையாது.

வெள்ளை வேட்டியும் இதே போலத்தான். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் வேட்டியின் மடிப்பெல்லாம் காணாமல் போய் வெறும் வெள்ளையாக இருக்கும். ஜேபெக்கில் அந்த இடம் முழுக்க கடைசிப் படியான 255இல் போய் ஒட்டிக்கொண்டிருந்தால், பளிச்சென்ற இடங்களை மட்டும் கூட்டிக் குறைக்கும் ‘ஹைலைட்ஸ்’ ஸ்லைடரை எவ்வளவு குறைத்தாலும் வெள்ளை சாம்பல் நிறமாகுமே தவிர மடிப்பு வராது. ராவில் பல சமயம் மடிப்பு மீண்டு வரும். எப்போதும் இல்லை. சென்சாரே நிரம்பி வழிந்திருந்தால் ராவும் கைவிரித்துவிடும். அப்புறம் ஒயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தின் நிறச் சாயலைச் சரிக்கட்டி வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவது. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த ஜேபெக்கில் மஞ்சள் படத்தோடு கலந்துவிட்டிருக்கும். ரா ஃபைலில் அது வெறும் குறிப்பாகத்தான் இருக்கும், வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம்.

“போனிலும் ரா எடுக்கலாமே” என்றால், எடுக்கலாம். 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதலே அதற்கு வழி இருக்கிறது. பல போன்களில் ‘ப்ரோ’ மோடுக்குள் ஒளிந்திருக்கும். போட்டோஷாப் தயாரிக்கும் அடோபி 2004இல் கொண்டுவந்த டிஎன்ஜி என்ற வடிவத்தில் சேமிக்கும். ஆனால் ஒரு சிக்கல். போனில் சாதாரண ரா எடுத்தால், மேலே சொன்ன பல பிரேம் கலவை பெரும்பாலும் நடக்காது. சின்ன சென்சாரின் ஒற்றைப் பிரேம், நாய்ஸோடு அப்படியே வரும். போனின் ஜேபெக்கே அதைவிட நன்றாக இருப்பதைப் பலமுறை பார்க்கலாம். ஆப்பிள் இதற்கென்றே 2020 டிசம்பரில், ஐபோன் 12 ப்ரோவுக்கு, ப்ரோரா என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. பிரேம்களைக் கலந்த பிறகும் இழுப்பதற்கு இடம் விட்டு வைக்கும் ஃபைல் அது. இதற்குக் கொடுக்கும் விலை ஃபைலின் பருமன்: 12 மெகாபிக்சல் படம் ஒன்று சுமார் 25 எம்பி, 48 மெகாபிக்சல் என்றால் 75 எம்பி. சாதாரணப் படம் சில எம்பியில் முடிந்துவிடும்.

ஆரம்ப நிலையில் இருப்பவர் போனில் ரா எடுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். கேமரா வைத்திருப்பவர் கண்டிப்பாக எடுக்கலாம். இதிலேயே பாதிக் கேள்வி தீர்ந்துவிடுகிறது: போனில் எடுத்த ஜேபெக்கைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோவதால் அதற்குள் புதிதாக எதுவும் முளைக்காது. பெரிய ஸ்கிரீனில் பார்க்கலாம், அவ்வளவுதான். கேமராவின் ரா ஃபைலைத்தான் கம்ப்யூட்டர் முழுசாகப் பயன்படுத்திக்கொள்ளும்.

ஒரு படத்தைப் பிரித்துப் பார்ப்போம்

ரிசப்ஷன் மேடை. பின்னால் பூ அலங்காரம், மேலிருந்து ஊதாவும் நீலமுமாக எல்இடி விளக்குகள். மாப்பிள்ளையின் இடது கன்னம் ஊதா, வலது கன்னம் வீடியோகாரர் விளக்கில் வெளிர் மஞ்சள். பெண்ணின் புடவை மெரூனா சிவப்பா என்று சொல்ல முடியவில்லை. இந்தக் காலத்தில் எந்த மண்டபத்திலும் கிடைக்கும் படம்.

முதலில் போனில், ஸ்னாப்சீடில் திறக்கிறோம். 2011இல் நிக் சாஃப்ட்வேர் வெளியிட்ட ஆப் இது. அடுத்த வருடமே அந்த நிறுவனத்தைக் கூகுள் வாங்கிவிட்டது. இன்றும் இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை. ‘ஒயிட் பேலன்ஸ்’ எடுத்து மஞ்சள் பக்கம் நகர்த்தினால் ஊதா கொஞ்சம் இறங்குகிறது. கூடவே பின்னாலிருக்கும் வெள்ளைப் பூக்கள் பழுப்பேறுகின்றன, வலது கன்னம் மஞ்சள்காமாலை வந்ததுபோல் ஆகிறது. காரணம், இந்த ஸ்லைடர் படம் முழுவதையும் சேர்த்துத்தான் நகர்த்தும். சரி, பாதி வழியில் நிறுத்திவிட்டு ‘செலக்டிவ்’ கருவியை எடுக்கிறோம். இடது கன்னத்தில் ஒரு தொடு, அங்கே ஒரு புள்ளி விழும். இரண்டு விரலால் விரித்துச் சுருக்கினால், எவ்வளவு தூரம் பாதிக்க வேண்டும் என்ற வட்டம் மாறும். வட்டத்துக்குள் புள்ளியின் நிறத்தை ஒத்த பகுதிகள் மட்டும் சிவப்பாகக் காட்டப்படும். அங்கே ‘சாச்சுரேஷன்’ (நிறத்தின் அழுத்தம்) குறைத்து, ‘பிரைட்னஸ்’ கொஞ்சம் கூட்டினால், ஊதாக் கன்னம் அடங்குகிறது. இரண்டு மூன்று நிமிட வேலை. ஸ்டேட்டஸில் போட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

அதையே பெரிதாக்கிப் பார்த்தால் சங்கடம். காதோரம் முடி இருக்கும் இடத்தில் சாம்பல் பூத்ததுபோல் ஒரு திட்டு. நிறத்தைக் குறைத்தோமே தவிர, தோல் நிறத்தைத் திரும்பக் கொண்டுவரவில்லை. கன்னம் ஊதாவிலிருந்து சாம்பலுக்குப் போயிருக்கிறது.

கம்ப்யூட்டரில் இதே படத்தின் ரா ஃபைல். லைட்ரூம் என்ற அடோபி மென்பொருளிலோ, இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிளிலோ, மாப்பிள்ளையின் இடது கன்னத்தின் மேல் மட்டும் ஒரு மாஸ்க் வரைகிறோம். மாஸ்க் என்றால், ‘இந்த இடத்தை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே’ என்று எல்லை போடுவது. விளிம்பு மழுங்கலாக, முடிக்குள் போகாமல், மவுஸால் சின்னச் சின்னதாகத் தடவி எல்லையைச் சரிசெய்யலாம். அந்த எல்லைக்குள் ஒயிட் பேலன்ஸைத் தனியாக மஞ்சள் பக்கம் கொண்டுபோகிறோம். வலது கன்னத்துக்கு வேறு மாஸ்க், வேறு அளவு. புடவைக்கு ஒன்று. பின்னணியின் ஊதாவைத் தொடவே இல்லை, அது மேடையின் அழகு, இருந்துவிட்டுப் போகட்டும். இப்படிச் செய்தால் சாம்பலுக்குப் போகாமல் தோல் நிறம் நிறையவே திரும்பி வரும். முகத்தில் விழுந்தது முழுக்க நீலம் மட்டும் என்றால் இதுவும் அரைகுறைதான். அப்படிப்பட்ட படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிவிடுவது பல ஸ்டூடியோக்காரர்கள் செய்யும் கெட்டிக்காரத்தனம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லைட்ரூமின் போன் ஆப்பிலும் மாஸ்க் இருக்கிறது. முகம், வானம் என்று அதுவே பிரித்தெடுக்கவும் செய்கிறது. கருவி என்ற அளவில் இரண்டுக்கும் இடைவெளி வருடாவருடம் குறைந்துகொண்டேதான் வருகிறது. விரலின் கனம் மட்டும் குறையவில்லை. எந்த இடத்தைத் திருத்துகிறோமோ அந்த இடத்தையே விரல் மறைக்கிறது. மவுஸின் முனை மறைக்காது. முடி, நகையின் விளிம்பு, மூக்குக் கண்ணாடியில் தெரியும் விளக்கு மாதிரி நுணுக்கமான இடங்களில் இதுவே பெரிய வித்தியாசம்.

எந்த ஸ்கிரீனை நம்புவது?

கம்ப்யூட்டர் என்றாலே நிறம் துல்லியமாகத் தெரியும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. விலை குறைந்த லேப்டாப்களின் ஸ்கிரீன் பல சமயம் பரிதாபமாக இருக்கும். விவரக் குறிப்பில் ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ என்று போட்டிருந்தால், இணையத்தில் பொதுவாகப் புழங்கும் எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அதில் தெரியும் என்று அர்த்தம். சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் சிவப்பைக் கூட்டுவீர்கள். மற்றவர் போனில் அது ரத்தக்களறியாகத் தெரியும். பழைய டிஎன் வகை ஸ்கிரீன் (பேனல்) என்றால் இன்னொரு கூத்து: தலையைக் கொஞ்சம் மேலே தூக்கினால் ஒரு வெளிச்சம், குனிந்தால் வேறு வெளிச்சம். எடிட்டிங்குக்கு லேப்டாப் வாங்குகிறவர் ப்ராசஸர் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிறார், ஸ்கிரீனைப் பற்றி விசாரிப்பதில்லை. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் பேனல், ஏறக்குறைய 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இருக்கும் லேப்டாப்போடு ஒரு நல்ல மானிட்டரை இணைத்துக்கொள்வது இன்னும் சிக்கனம்.

இந்த ஒரு விஷயத்தில், சுமாரான லேப்டாப்பைவிட நல்ல போனின் ஸ்கிரீன் மேல் என்று தயங்காமல் சொல்லலாம். ஐபோன் 7 வந்த 2016 முதலே, எஸ்ஆர்ஜிபியைவிட அகலமான பி3 நிறங்களைக் காட்டும் ஸ்கிரீன் போனில் உண்டு. போனின் தொல்லை வேறு: ஸ்கிரீன் நம்மை மகிழ்விக்கப் பார்க்கும். சாம்சங் போன்களில் ‘விவிட்’ என்ற நிலையில் இருந்தால் எல்லா நிறமும் கொஞ்சம் துள்ளலாகத் தெரியும். ‘நேச்சுரல்’ என்று மாற்றிக்கொண்டு எடிட் செய்வது நல்லது. மற்ற கம்பெனி போன்களிலும் இதே போன்ற தேர்வு வேறு பெயரில் இருக்கும். ராத்திரி கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று போட்டு வைக்கும் நைட் லைட், ஐபோனின் ட்ரூ டோன், எல்லாமே நிறத்தை மஞ்சள் பக்கம் தள்ளக்கூடியவை. எடிட் செய்யும்போது அணைத்துவிடுங்கள்.

ஆட்டோ பிரைட்னஸும் சேட்டை பண்ணும். வெயிலில் நின்றுகொண்டு எடிட் செய்தால் ஸ்கிரீன் முழு வெளிச்சத்துக்குப் போய்விடும். படம் போதுமான வெளிச்சத்தோடு இருப்பதாகத் தோன்றும். வீட்டுக்கு வந்து பார்த்தால் இருட்டு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து செய்யும் எடிட்டிங்கை வீட்டில் ஒருமுறை சரிபார்க்காமல் வெளியிடாதீர்கள்.

கண்ணை நம்ப முடியாதபோது கைகொடுப்பது ஹிஸ்டோகிராம். படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும், மலைத்தொடர் மாதிரி ஒரு வரைபடம், கம்ப்யூட்டர் மென்பொருள்களில் வலது மேல் மூலையில் பெரும்பாலும் இருக்கும். போன் ஆப்களில் தேடி ஆன் செய்ய வேண்டும். இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம். மலை முழுக்க இடது பக்கம் ஒதுங்கிக் கிடந்தால், உங்கள் ஸ்கிரீன் என்ன சொன்னாலும் படம் இருட்டுதான். வலது சுவரில் முட்டி நின்றால் எங்கோ வெள்ளை வெளுத்துவிட்டது. ராத்திரி எடுத்த படம் இடது பக்கம் ஒதுங்குவது இயற்கை, அதைத் திருத்தப் போகாதீர்கள்.

ஒரு படமா, எண்ணூறு படமா

ஒரே ஒரு படம் என்றால் போனை அடித்துக்கொள்ள முடியாது. எடுத்த இடத்திலேயே நின்று, கிராப் செய்து (ஓரத்தை வெட்டி), சாய்ந்த கோபுரத்தை நிமிர்த்தி, இருட்டைக் கொஞ்சம் தூக்கி அனுப்பிவிடலாம். கம்ப்யூட்டர் ஆன் ஆகும் நேரத்துக்குள் வேலை முடிந்திருக்கும்.

எண்ணூறு படம் என்றால்? கல்யாண வேலையில் முதல் தலைவலி எடிட்டிங் இல்லை, கழிப்பது. கண் மூடியவை, மங்கலானவை, ஒரே மாதிரி ஆறு இருந்தால் அதில் நல்லது ஒன்று. கம்ப்யூட்டரில் அம்புக்குறி பட்டனைத் தட்டிக்கொண்டே போகலாம். பிடித்ததற்கு ஒரு எண்ணைத் தட்டினால் நட்சத்திரம் விழும். இரண்டு படங்களை அருகருகே போட்டு எதில் முகம் கூர்மையாக இருக்கிறது என்று பார்க்கலாம். அப்புறம், தாலி கட்டும் நேரத்தில் ஒரே வெளிச்சத்தில் எடுத்த அறுபது படங்களில் ஒன்றைச் சரிசெய்து, அந்த அளவுகளை மீதி ஐம்பத்தொன்பதுக்கும் ஒரே தட்டில் ஒட்டிவிடலாம். போன் ஆப்களிலும் அளவுகளை நகலெடுத்து ஒட்டும் வசதி இருக்கிறது, ஆனால் ஆயிரக்கணக்கில் செய்து பாருங்கள், கழுத்தும் கட்டை விரலும் பதில் சொல்லும்.

அடுத்தது லேயர். தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அண்ணன் தம்பி உருவாக்கிய போட்டோஷாப் 1990 பிப்ரவரியில் வெளியானது. லேயர் வசதி 1994இல், மூன்றாம் பதிப்பில்தான் வந்தது. படத்தைத் தொடாமல், அதன் மேல் எழுத்து ஒரு அடுக்கு, பூ பார்டர் ஒரு அடுக்கு, பின்னணி ஒரு அடுக்கு என்று தனித்தனியாக வைப்பது லேயர். எழுத்தைப் பிடிக்கவில்லை என்றால் அந்த அடுக்கை மட்டும் எடுத்துவிடலாம். நம் ஊர் கல்யாண ஆல்பங்கள், பேனர்கள், காதுகுத்து அழைப்பிதழ்கள் எல்லாம் ஓடுவது இந்த அடுக்குகளின் மேல்தான். ஆல்பத்தின் இரண்டு பக்கம் விரித்தால் 12க்கு 36 அங்குலம். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்குப் போட்டால் 3,600க்கு 10,800, அதாவது கிட்டத்தட்ட 3 கோடியே 89 லட்சம் பிக்சல். அதன்மேல் இருபது லேயர் அடுக்கினால் ஃபைல் நூற்றுக்கணக்கான எம்பிக்குப் போய்விடும். இதைப் போனில் செய்ய முயல்வது வீண் வேலை. கம்ப்யூட்டரிலும் 16 ஜிபி ரேம் இல்லாமல் பொறுமை சோதிக்கப்படும்.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் அரசுத் தேர்வு விண்ணப்பம் இருக்கிறது. போட்டோ 20 கேபியிலிருந்து 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். பாஸ்போர்ட் அளவு என்றால் 35க்கு 45 மில்லிமீட்டர், 300 பிக்சல் கணக்கில் 413க்கு 531. சின்ன வேலைதான், ஆனால் குறிப்பிட்ட அளவும் குறிப்பிட்ட கேபியும் வர வேண்டும் என்றால் கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டிச் செய்வது நிம்மதி. அதற்குப் போட்டோஷாப் தேவையில்லை. ப்ரௌசரிலேயே இலவசமாக ஓடும் போட்டோபீ போதும்.

பணம் பற்றியும் சொல்லிவிடலாம். போட்டோஷாப், லைட்ரூம் இரண்டும் சந்தா. கட்டுவதை நிறுத்தினால் எடிட்டிங்கும் நின்றுவிடும். திருட்டு நகலைத் தேடிப் போனால் கூடவே வைரஸ் வரும். ரா ஃபைலுக்கு டார்க்டேபிள் அல்லது ராதெரபி, லேயர் வேலைக்கு கிம்ப், மூன்றும் முழு இலவசம். கிம்ப் 1996 முதல் இருக்கிறது. அதன் மெனுக்களைப் பழக ஆரம்பத்தில் பொறுமை வேண்டும். டார்க்டேபிள் இன்னும் மோசம், திறந்ததும் மிரட்டும். முதல் வாரம் எக்ஸ்போஷர் (படத்தின் மொத்த வெளிச்சம்), ஒயிட் பேலன்ஸ், கிராப் மூன்றைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள்.

பழைய படம் பத்திரமா?

நல்ல ஆப்கள் படத்தை நேரடியாக மாற்றுவதில்லை. ‘இவர் வெளிச்சத்தை இவ்வளவு கூட்டினார், இந்த ஓரத்தை வெட்டினார்’ என்று குறிப்பு மட்டும் வைத்துக்கொண்டு, அசலைத் தனியாகக் காப்பாற்றுகின்றன. லைட்ரூம், டார்க்டேபிள், ஐபோனின் கேலரி, கூகுள் போட்டோஸ் எல்லாம் இந்த ரகம். எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். எல்லா ஆப்பும் அப்படி இல்லை. சில ஆப்கள் அசலின் மேலேயே எழுதிவிடும். புது ஆப்பை முதன்முதலில் பயன்படுத்தும்போது நகல் எடுத்து வைத்துக்கொண்டு சோதித்துப் பாருங்கள். இன்னொன்று: ஜேபெக்கை எடிட் செய்து சேமித்து, அதையே மறுபடி திறந்து எடிட் செய்து சேமித்தால், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தரம் தேயும். ஒரு ஆப்பில் நிறம், இன்னொன்றில் ஃபில்டர், மூன்றாவதில் எழுத்து என்று சுற்றி வரும் படங்கள் கடைசியில் சலவைக்குப் போன துணி நிறத்தில் இருப்பது இதனால்தான்.

போனிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகும் வழியிலும் தேய்மானம் உண்டு. தனக்குத்தானே வாட்ஸ்அப்பில் அனுப்பி லேப்டாப்பில் இறக்குவது நம்மில் பலருக்குப் பழக்கம். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். 4,032க்கு 3,024 பிக்சல் இருந்த படம் பாதிக்கும் கீழான அகலத்தில் போய்ச் சேரும். 2023இல் வந்த ஹெச்டி தேர்வு பரவாயில்லை, அதுவும் அசல் இல்லை. ‘டாக்குமென்ட்’ என்று அனுப்பினால்தான் அசல் ஃபைல் அப்படியே போகும். யுஎஸ்பி கேபிள் இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். எதிர்த் திசையிலும், கேமரா கார்டை ஓடிஜி கார்டு ரீடர் (போனின் சார்ஜர் துளையில் பொருந்தும் கருவி) வழியாகப் போனில் செருகி, அவசரத்துக்கு நாலு படத்தை மட்டும் போனில் முடித்து அனுப்பிவிட்டு, மீதியை வீட்டில் கம்ப்யூட்டரில் செய்யலாம். தொழில்முறை ஆட்கள் பலர் இப்படித்தான் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள்.

பிரின்ட் போடும் எண்ணம் இருந்தால் மட்டும் ஒரு வேலை கூடுதலாக இருக்கிறது. ஸ்கிரீன் வெளிச்சத்தால் ஒளிர்கிறது, காகிதம் ஒளிராது. அதனால் ஸ்கிரீனை முழு பிரைட்னஸில் வைத்து எடிட் செய்த படம் பிரின்டில் ஒரு சுற்று இருட்டாக வரும். வெள்ளைக் காகிதம் ஒன்றை ஸ்கிரீன் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். ஸ்கிரீனின் வெள்ளை, அறை வெளிச்சத்தில் காகிதத்தின் வெள்ளையைவிடக் கண்ணைக் கூசினால் பிரைட்னஸ் அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள். 12 மெகாபிக்சல் போன் படம், 300 பிக்சல் கணக்கில், 13க்கு 10 அங்குலம் வரை கூர்மையாக வரும். அதற்கு மேல் பெரிதாக்கினாலும் சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பதற்குப் பரவாயில்லை. பெரிய அளவுக்குக் கொடுக்கும் முன், அதே படத்தை அதே பிரின்ட் கடையில் (லேப்) 4க்கு 6 அளவில் ஒன்று போட்டு வாங்குங்கள். முகம் இருட்டாக இருந்தால் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டி இன்னொன்று போடச் சொல்லுங்கள். இரண்டையும் பகல் வெளிச்சத்தில், ட்யூப் லைட்டுக்குக் கீழே இல்லாமல், வைத்துப் பார்த்துவிட்டுப் பெரிய பிரின்டுக்கு ஆர்டர் கொடுக்கலாம்.